மிதித்தால் இறுகும் மணல்

வளர்திட்டின் தெற்கு முனையில் படகு தரை தட்டியபோது காலை ஆறரை மணி. பிரகாசி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் ஆழத் தண்ணீரில் இறங்கினாள். பொறியாளர் சோமசேகர் பையையும் நீளமான அளவுக்கம்பியையும் வைத்துக்கொண்டு இறங்கத் தடுமாறினார். அவள் கை கொடுக்கவில்லை.

"வடக்கு முனையில வந்து நிக்கேன்," என்றான் படகில் இருந்த அவள் தம்பி கித்தேரி.

அவன் வடக்கு முனைக்கு வரப்போவதில்லை. தீவின் நடுவில் இருக்கும் கள்ளிமேட்டுக்கு வந்து அக்காவை மட்டும் ஏற்றிக்கொண்டு போய்விடுவான். அது அக்காவுக்கும் தம்பிக்கும் மட்டும் தெரியும். இரண்டு நாளில் கரையேறப்போகும் புயல் அங்கே தன்னந்தனியாக நிற்கும் சோமசேகரைக் கொல்லாது. கள்ளிமேடு அவ்வளவு உயரம். அவர் சாகவேண்டும் என்று பிரகாசி நினைக்கவும் இல்லை. அவர் உயிரோடு நின்று பார்க்கவேண்டும். நான்கு வருடமாக அவள் வேண்டிக்கொண்டது அதைத்தான்.

பதினான்கு கிலோமீட்டர் நீளமுள்ள, ஆள் குடியில்லாத தீவு அது. பதினைந்து வருடத்துக்கு முன் அங்கே வெறும் கடல்தான் இருந்தது. கடல் உயர்ந்து கரையை அரிக்கத் தொடங்கியபோது, கரைக்கு மூன்று கிலோமீட்டர் தள்ளி அரசாங்கம் அதை வளர்த்தது. காகிதத்தில் அதற்குத் தடுப்புத்தீவு என்று பெயர், மீனவர்கள் வளர்திட்டு என்றார்கள். இப்போது அதன் மேல் அடம்பங்கொடி படர்ந்து, ராவணன் மீசைப் புல் முளைத்து, ஆலாப் பறவைகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன.

சோமசேகர் நூறடிக்கு ஒருமுறை கம்பியை மணலில் குத்தி, இறங்கிய ஆழத்தைக் குறித்துக்கொண்டே நடந்தார். ஐம்பத்தாறு வயது. மூச்சு வாங்கியது.

"இதுக்கு முன்னாடி இங்க வந்திருக்கீங்களாம்மா?"

"மிதிவேலைக்கு வந்திருக்கேன் சார். எங்க கோரைத்துறைப் பொம்பளைவ எல்லாரும் வந்தோம். ஆறு வருசம்."

"அப்போ இந்தத் தீவைக் கட்டினதே நீங்கதான்."

"மிதிச்சா இறுகும், விட்டா காத்துல போயிரும். அம்புட்டுதான் எங்களுக்குத் தெரியும். வேற என்னமோ மருந்து கலந்திருக்கியளாமே?"

"மருந்து இல்ல, நுண்ணுயிர். பாரம் விழுந்தா அது சுண்ணாம்பு மாதிரி ஒண்ணைக் கக்கும். மணல் ஒட்டிக்கும். ஒட்டின இடத்துல காத்து புது மணலைக் கொண்டுவந்து சேர்க்கும். அதையும் மிதிச்சா இன்னொரு படை ஏறும். வண்டி விட்டுப் பார்த்தோம், ஒட்டின மேலோடு உடைஞ்சிடுச்சு. மனுஷக் காலோட பாரம்தான் சரியா இருந்தது."

"கலைக்கணும்னா?"

அவர் கம்பியை மணலிலிருந்து பிடுங்கினார். "அதுக்கு அடியில குழாய் போட்டிருக்கோம். இளக்கின்னு ஒரு திரவம். அதைத் திறந்துவிட்டா அந்த இடம் மட்டும் ஒரு மணி நேரத்துல சேறாயிடும். பெரிய அலை வரும்போது எங்கயாவது ஒரு வழி விட்டாகணும். இல்லைன்னா மொத்தத் தீவும் போயிடும். எந்த இடத்துல வழி விடணும்னு கணினி கணக்குப் போட்டுச் சொல்லும்."

"சொன்னா?"

"ஒரு குழு கையெழுத்துப் போடும். ஒருத்தர் பட்டனை அமுக்கணும்."

பிரகாசி முன்னால் நடந்தாள். நான்கு வருடத்துக்கு முன் ஒரு புயல் நாளில், காலை பதினொரு மணிக்கு, கோரைத்துறைக்கு நேர் எதிரே அந்த வழி திறந்தது. வடக்கே இருந்த புதுத் துறைமுகத்தில் ஒரு பாரந்தூக்கிகூடச் சாயவில்லை. கோரைத்துறையில் அறுபத்தொரு பேர் செத்தார்கள். பிரகாசியின் மகளுக்கு வயது பதினேழு. தாய்க்குத் துணையாக விடுமுறை நாட்களில் இதே மணலை மிதித்தவள். அவளை ஐந்தாம் நாள் உப்பளத்து வரப்பில் கண்டெடுத்தார்கள்.

ஒன்பது மணி வாக்கில் சோமசேகர் நின்றுவிட்டார்.

எதிரே ஒரு மேடு. தீவின் கடல்பக்கத்தில் தொடங்கி, சாய்வாக உள்நோக்கி, கண்ணுக்கு எட்டும் தூரம்வரை வடக்கே ஓடியது. ஓர் ஆள் மார்பளவு உயரம். அவர் கம்பியைக் குத்தினார். டக்கென்று சத்தம் வந்தது. ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. குனிந்து, உச்சியில் தடவினார். உச்சி ஓரடி அகலத்துக்கு வழவழவென்று இருந்தது.

"இது காத்து செஞ்சது இல்ல," என்றார் மெதுவாக.

"இல்ல."

"யாரோ நடந்திருக்காங்க. ஒரே கோட்டுல. வருஷக்கணக்கா."

"வாரத்துக்கு ரெண்டு நாளு," என்றாள் பிரகாசி. "மழை, வெயிலு, காய்ச்சலு, ஒண்ணும் பாக்கல. நாலு வருசம்."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.

"நடங்க சார். கள்ளிமேடு வரைக்கும் போயிருவோம். அங்கன நின்னு பாத்தா எல்லாம் தெரியும்."

அவர் நடந்தார். கம்பியை எங்கும் குத்தவில்லை. மேட்டின் ஓரமாகவே போனார்கள். வழியில் இரண்டு முறை அவர் நின்று தண்ணீர் குடித்தார். அவள் குடிக்கவில்லை. பத்தரை மணிக்குக் கள்ளிமேட்டின் உச்சிக்கு ஏறினார்கள். மேற்கே கரை தெளிவாகத் தெரிந்தது. தெற்கே கோரைத்துறை இருந்த இடத்தில் கூரையில்லாத கோயில். நேர் எதிரே உப்பளங்களுக்கு நடுவில் துறைமுக அதிகாரிகளுக்குக் கட்டிய குடியிருப்பு, வரிசை வரிசையாகத் தொள்ளாயிரம் வீடுகள். வடக்கே துறைமுகத்தின் பாரந்தூக்கிகள்.

கீழே, கள்ளிமேட்டுக்கு வடக்கே, நானூறு மீட்டர் அகலத்துக்குத் தீவு பள்ளமாகக் கிடந்தது. பிரகாசி கட்டிய மேடு அந்தப் பள்ளத்தில் போய் முடிந்தது.

"அலை தெக்கேருந்து ஏறி வரும்," என்றாள். "எம் மேட்டுல முட்டி, சறுக்கி, இந்தப் பள்ளத்துல வந்து விழும். இங்கேருந்து நேரா அந்த வீடுவளுக்கு. சரியா சார்? நீரு படிச்சவரு. கணக்கு சரியா?"

'நீங்க' போய் 'நீரு' வந்துவிட்டதை அவர் கவனித்தார்.

"சரி," என்றார்.

"இன்னைக்கு ஒமக்கு வழிகாட்ட நானா கேட்டு வாங்கி வந்தேன். அன்னைக்குப் பட்டன அமுக்குனது யாருன்னு ரெண்டு வருசம் விசாரிச்சேன். ஒம்ம பேரு, வீட்டு நம்பரு, எல்லாம் தெரியும். ஒம்ம மவ பேரு தாரணி. ஒரே மவ." அவள் இடுப்பிலிருந்து சின்னக் கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்துக் காட்டினாள். "இது ஒம்ம வயர்லெஸ் பேட்டரி. படகுலயே கழட்டிட்டேன். தண்ணியும் ரொட்டியும் மூணு நாளைக்கு இருக்கு. நீரு சாவமாட்டீரு. இங்கனயே நின்னு பாக்கணும். தண்ணி போறத, வீட்டுக்குள்ள ஏறுறத, ஒண்ணொண்ணாப் பாக்கணும்."

காற்று பலமாக அடித்தது. சோமசேகர் உட்கார்ந்துவிட்டார். பயந்துவிட்டார் என்றுதான் பிரகாசி முதலில் நினைத்தாள்.

"ஊரைக் காலி செஞ்சாச்சுன்னு பட்டியல்ல இருந்தது," என்றார் அவர். "உயிர்ச்சேதம் சுழியம்னு திரையில வந்தது. அதைப் பார்த்துதான் அமுக்கினேன்."

"பஸ்ஸு வரவே இல்ல."

"தெரியும். அப்புறமாத் தெரியும்." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பிரகாசியம்மா, அந்த வீடுகள்ல நாங்க யாரும் இல்ல."

"என்னது?"

"உங்க மேடு ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே செயற்கைக்கோள் படத்துல தெரிஞ்சுடுச்சு. அலை எங்க வந்து விழும்னு கணினி சொல்லிடுச்சு. சரிசெய்யலாம்னு நான் எழுதினேன். செலவு ஆகும்னு வச்சுட்டாங்க. அதுக்குப் பதிலா அதிகாரிங்க எல்லாரையும் ஒவ்வொருத்தரா உள்நாட்டுக்கு மாத்திட்டாங்க. துறைமுகத் தலைவர் முதல்ல போனார். நானும் போனேன். தாரணி இப்போ மதுரையில இருக்கா."

பிரகாசி அந்த வீடுகளைப் பார்த்தாள். மாடிகளில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

"அப்போ அங்க இருக்கது யாரு?"

"ஒப்பந்த வேலையாட்கள். ஒடிசா, பீகார், நம்ம தென்காசிப் பக்கம்கூட. வீட்டுக்கு ரெண்டு குடும்பம். நாலாயிரம் பேர் இருப்பாங்க. காகிதத்துல அந்த வீடெல்லாம் காலி. அதனால இந்தப் புயலுக்கும் பஸ் வராது. சாலையும் ஒரு வாரமா மழைத் தண்ணியில முங்கிக் கிடக்கு. போன வாரம் என் பழைய வீட்டுக்குப் போனேன். ஒரு பொண்ணு கதவைத் திறந்தா. உள்ள வாங்கன்னு சொல்றதுக்குத் தமிழ் தெரியல அவளுக்கு. சிரிச்சா. அதனாலதான் நான் வந்தேன். இதை யார் கட்டினாங்கன்னு கண்டுபிடிச்சு, கால்ல விழுந்தாவது கேக்கலாம்னு வந்தேன்."

"நீரு ஒம்ம மவளக் கூட்டிக்கிட்டுப் போயிட்டீரு."

"ஆமா."

"தெரிஞ்சே போனீரு."

"தெரிஞ்சேதான் போனேன்."

பிரகாசி கையை ஓங்கினாள். அடிக்கவில்லை. ஓங்கிய கையால் தன் நெஞ்சிலேயே அடித்துக்கொண்டாள். அழுகை வரவில்லை. நான்கு வருடம் காலில் இரத்தம் கட்டக் கட்ட நடந்து கட்டியது, அதிகாரிகள் எல்லாரும் எப்போதோ எழுந்து போய்விட்ட ஒரு காலி நாற்காலிக்காக. அதில் வேறு யாரையோ உட்காரவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்கள் மேல் இருந்த வெறுப்பு இப்போது இரண்டு மடங்காகியது. ஆனால் அதை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று தெரியவில்லை.

பிறகு பள்ளத்தைக் காட்டிக் கேட்டாள்: "இந்தப் பள்ளத்த அடைச்சா தண்ணி எங்க போவும்?"

"இன்னும் வடக்கே சறுக்கும். துறைமுகத்துல போய் விழும். இப்போ அங்க ஆள் யாரும் இல்ல. கப்பலையெல்லாம் அனுப்பிட்டாங்க." அவர் நிமிர்ந்து பார்த்தார். "அன்னைக்கும் அப்படித்தான் செஞ்சிருக்கணும். நீங்க ஏன் முதல்லயே அங்க திருப்பல?"

"துறைமுகத்துக்குத் தாயி தகப்பன் உண்டா சார்? அது அழுவாது." பிரகாசி கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு யாராவது அழுவணும். நான் அழுத மாதிரி. அத என் காதால கேக்கணும்."



அவள் பேட்டரியை அவரிடம் கொடுத்தாள். "போடும். எந் தம்பியக் கூப்பிடும்."

கித்தேரி முதலில் மறுத்தான். "அவனுவ வீட்டக் காப்பாத்தவா நம்ம வள்ளத்தக் கொண்டு போவணும்?" என்று வயர்லெஸ்ஸில் கத்தினான். பிரகாசி நடந்ததைச் சொன்னாள்.  கடைசியில், கோரைத்துறையில் மிஞ்சியிருப்பது எட்டு வள்ளம், மொத்தமாக முந்நூறு பேரைத்தான் ஏற்றமுடியும் என்றான். அவர்களைக் கடல்சுற்றி மேட்டு நிலத்துக்குக் கொண்டுபோனால் முந்நூறு பேர் பிழைப்பார்கள். தீவுக்குக் கொண்டுவந்து மிதிக்கவைத்தால் நாலாயிரம் பேரும் பிழைக்கக்கூடும்.

"தீவுக்குக் கொண்டா," என்றாள் பிரகாசி.

சாயங்காலத்துக்குள் குடியிருப்பிலிருந்து முந்நூறு பேர் வந்து இறங்கினார்கள். ஆண்களும் பெண்களுமாக, சிமெண்டுச் சாக்குகளும் இரும்புச் சட்டிகளும் தூக்கிக்கொண்டு. பாதிப் பேருக்கு அவள் பேசுவது புரியவில்லை. அவள் பேசவும் இல்லை. முன்னால் போய் மிதித்துக் காட்டினாள். குதிகாலை முதலில் ஊன்றி, அழுத்தி, பாதம் முழுவதும் பதியவேண்டும். ஒரு வரிசை மணலைக் கொட்டிப் பரப்ப, இன்னொரு வரிசை கைகோத்து மிதித்தது. கோரைத்துறைப் பெண்கள் பதினொரு பேர் கூட வந்திருந்தார்கள். பழைய மிதிவேலைக்காரிகள். அவர்கள் யாருடைய முகத்தையும் பார்க்காமல் கீழே பார்த்தே மிதித்தார்கள். மறுநாள் முழுக்க மழை விட்டுவிட்டுப் பெய்தது. ஒடியாப் பெண் ஒருத்தி மிதிக்கு ஏற்றாற்போல் ஏதோ பாடத் தொடங்கினாள். கொஞ்சநேரத்தில் கால்கள் எல்லாம் ஒன்றாக விழுந்தன. பொழுது சாய்வதற்குள் நானூறு மீட்டர் பள்ளம் இடுப்பளவு மேடாகியிருந்தது.

சோமசேகரும் எல்லாரோடும் மிதித்தார். பாதம் வெடித்துவிட்டது.

"இது மட்டும் போதாது," என்றார் பிரகாசியிடம். "துறைமுகத்துக்கு ஆபத்துன்னு தெரிஞ்சதும் கணினி இந்த இடத்துக்கு இளக்கியைத் திறந்துவிடும். தலைவர் ஊர்ல உக்காந்துக்கிட்டே கையெழுத்துப் போட்டுடுவார். நாம கட்டினது சேறாயிடும்."

"கரண்ட அறுத்துவிட்டா?"

"கரண்ட் நின்னா தானாத் திறந்துக்கும். அப்படித்தான் செஞ்சிருக்கு. நான்தான் செஞ்சேன். பம்பு வீட்டுல கையால மூடுற சக்கரம் ஒண்ணு இருக்கு. மோட்டார் திறக்கத் திறக்க, ஒருத்தர் பக்கத்துலயே இருந்து மூடிக்கிட்டே இருக்கணும். அலை தணியிற வரைக்கும்."

"பம்பு வீடு எங்க இருக்கு?"

"துறைமுகத்துல."

பிரகாசி வடக்கே தெரிந்த பாரந்தூக்கிகளைப் பார்த்தாள்.

புயல் நாள் காலையில், வேலையாட்களை எல்லாம் குடியிருப்பில் இறக்கிய பிறகு, பிரகாசியே அவரைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோனாள். கடல் குமுறிக்கொண்டிருந்தது. படகுத்துறையில் அவர் தடுமாறி இறங்கி, துறையின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உங்க பொண்ணு பேரு என்ன?" என்று கேட்டார்.

"அந்தப் பேரு ஒம்ம வாயில வரக்கூடாது," என்றாள் பிரகாசி.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். பம்பு வீடு நீர்மட்டத்தோடு ஒட்டிய கட்டிடம். அதற்கு ஒரே வாசல். 'போவாதேயும்' என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அல்லது, 'தண்ணி வாசலுக்கு வந்ததும் விட்டுட்டு ஓடிவந்திரும்' என்றாவது சொல்லியிருக்கலாம். அவள் படகைத் திருப்பினாள்.

மதியம் ஒரு மணிக்கு அலை வந்தது. மேட்டில் முட்டிச் சறுக்கி, பள்ளத்தைத் தாண்டி, வடக்கே போனது. மேடு கரையவில்லை. குடியிருப்பில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது, ஒருவரும் சாகவில்லை. துறைமுகத்தில் நான்கு பாரந்தூக்கிகள் விழுந்தன, நிலக்கரி மேடு கடலோடு போனது. வேலையாட்களில் பாதிப் பேருக்கு மறுமாதமே வேலை இல்லாமல் போனது. அவர்கள் வேறு ஊர்களுக்குக் கிளம்பினார்கள்.

சோமசேகரை இரண்டாம் நாள் பம்பு வீட்டுக்குள்ளேயே கண்டெடுத்தார்கள். மதுரைக்குக் கொண்டுபோனார்கள்.

பிரகாசி பஸ் ஏறிப் போனாள். ஏன் போகிறாய் என்று கித்தேரி கேட்டதற்கு அவளால் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டு வாசலில் கார்கள் நின்றன. துறைமுகத் தலைவர் மாலை போட்டுவிட்டு, கைபேசியைப் பார்த்துக்கொண்டே, பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டார். அவர் கண் நனையவில்லை. அவர் அவள் பக்கத்தில்தான் கடந்து போனார். அவள் யார் என்று அவருக்குத் தெரியாது.

உள்ளே தாரணி அழுதுகொண்டிருந்தாள். இருபது வயதிருக்கும். சுற்றியிருந்தவர்கள் பிடிக்கப் பிடிக்க, தரையில் நெற்றியை முட்டிக்கொண்டு, மூச்சு இழுத்து இழுத்து அழுதாள். பிரகாசி சுவரோரம் உட்கார்ந்து கேட்டாள். நான்கு வருடமாகக் கேட்கவேண்டும் என்று இருந்த அழுகை அது. எந்தக் குறையும் இல்லாமல், அவள் நினைத்தபடியே இருந்தது. அவள் காதை மூடிக்கொள்ளவில்லை. கடைசிவரை கேட்டாள். கேட்டு முடித்தபோது நெஞ்சிலிருந்து பாரம் ஒன்றும் இறங்கியிருக்கவில்லை. 

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு தாரணி அவளிடம் வந்தாள்.

"அப்பாவைப் படகுல கொண்டு விட்டது நீங்களா?"

"நாந்தான்."

"அங்க தண்ணி வரும்னு அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"உங்களுக்கு?"

பிரகாசி அந்தப் பெண்ணின் வீங்கிய முகத்தைப் பார்த்தாள்.

"தெரியும்," என்றாள்.

தாரணி அசையாமல் நின்றாள். அவள் கண்ணீர் நின்றுவிட்டது. அதற்குப் பின் அந்தக் கண்ணில் வந்து உட்கார்ந்ததைப் பிரகாசிக்கு நன்றாகத் தெரியும். நான்கு வருடமாகத் தினமும் காலையில் கண்ணாடியில் பார்ப்பது அது.

"நான் அந்தத் தீவுக்கு வரணும்," என்றாள் தாரணி. "முழுசா நடக்கணும். என்னைக் கூட்டிட்டுப் போவீங்களா?"

எதற்கு என்று பிரகாசி கேட்கவில்லை.

"தண்ணி நெறைய எடுத்துக்கிடணும் தாயி," என்றாள். "வெயிலு ஏறுறதுக்குள்ள எறங்கிரணும். வழியில ஒரு ஆளு கெடையாது, கூப்பிட்டாலும் யாருக்கும் கேக்காது. நான் முன்னால நடக்கேன். நீ எனக்குப் பின்னால வா."